சிறந்த சிப்பும் மோசமான சிப்பும்: ஆய்வகத்திலிருந்து நிறுவனம் வரை

எந்த எலெக்ட்ரானிக் பாகத்தின் டேட்டாஷீட்டை, அதாவது அதன் குணங்களை விற்பவர் எழுதித் தரும் தாளை, திறந்தாலும் உள்ளே ஓர் அட்டவணை இருக்கும். எண்களுக்கென்று அதில் மூன்று நிரல்கள்: குறைந்தபட்சம், வழக்கமாக, அதிகபட்சம். அனுபவமுள்ள பொறியாளர் நடு நிரலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓரத்து நிரல்களுக்குப் போய்விடுவார். விற்பவர் கொடுக்கும் உத்தரவாதம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் தகவல்.

ஆய்வுக் கட்டுரையில் இந்த மூன்று நிரல்கள் இருப்பதில்லை. பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும். செய்தவற்றுள் மிகச் சிறந்த சிப்பின் எண். பத்துச் சிப் வந்தது, நான்கு வேலை செய்தது, அவற்றில் ஒன்று அற்புதமாக வேலை செய்தது என்றால், கட்டுரையில் இடம்பெறுவது அந்த ஒன்று. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு கருத்து இயற்கையில் சாத்தியமா என்பதே ஆய்வின் கேள்வி. அதற்கு ஒரு சாட்சி போதும். நிறுவனத்தின் கேள்வி வேறு. விற்கப்போகும் ஆயிரத்தில் மிக மோசமானது எப்படி நடந்துகொள்ளும்?

பல்கலைக்கழக எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வை ஸ்டார்ட்அப் நிறுவனமாக்குவது பற்றிய பேச்செல்லாம் முதலீடு, காப்புரிமை, சந்தை என்றே சுழல்கிறது. அவை முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பயணத்தில் பணமும் ஆண்டுகளும் எங்கே கரைகின்றன என்று பார்த்தால், அந்த ஒற்றை எண்ணை மூன்று நிரல்களாக மாற்றும் வேலையில்தான் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

இந்தத் துறையின் மூதாதைக் கதையிலிருந்து தொடங்கலாம். வில்லியம் ஹியூலெட் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஃபிரெடரிக் டெர்மனின் வழிகாட்டலில் ஓர் ஆசிலேட்டரை வடிவமைத்தார். ஒலி அதிர்வெண்ணில் சீரான அலையை உண்டாக்கும் கருவி அது. அன்றைய ஆசிலேட்டர்களின் தொல்லை, அலையின் உயரம் நிலையாக நிற்காது என்பது. பெருக்கம் கொஞ்சம் கூடினால் அலை வெட்டுப்பட்டு உருக்குலையும். கொஞ்சம் குறைந்தால் அடங்கிவிடும். ஹியூலெட் சுற்றின் பின்னூட்டப் பாதையில், அதாவது வெளிவரும் அலையின் ஒரு பகுதி உள்ளே திரும்பும் வழியில், ஒரு சாதாரணச் சிறு மின்விளக்கைச் செருகினார். அலை பெரிதானால் விளக்கின் இழை சூடாகும், அதன் மின்தடை ஏறும், பெருக்கம் இறங்கும். அலை சிறுத்தால் இழை குளிர்ந்து எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும். யாரும் திருகைத் தொட வேண்டியதில்லை. அதை அடிப்படையாக வைத்து 1939இல் அவரும் டேவிட் பேக்கார்டும் 538 டாலர் மூலதனத்தில் தொடங்கியதுதான் ஹியூலெட்-பேக்கார்டு. முதல் கருவிக்கு 200ஏ என்று பெயர் வைத்தார்கள். நெடுநாள் தொழிலில் இருப்பவர்கள்போலத் தோன்ற வேண்டும் என்பது அந்த எண்ணின் பின்னால் இருந்த குறும்பு. அடுத்த வடிவத்தில் எட்டுக் கருவிகளை வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ வாங்கியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கார் நிறுத்தும் கொட்டகையில் தொடங்கியதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்குதான் பெரிது. வெற்றிடக் குழாய்கள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. பழசானால் குணம் மாறும். அந்த வேறுபாடுகளின் பெரும்பகுதியை விளக்கு தானாகவே சரிக்கட்டிவிட்டது. அதாவது, மோசமான கருவியும் நல்ல கருவியைப் போலவே நடந்துகொள்ள வழி அந்த ஆய்வுக்குள்ளேயே இருந்தது. பாகங்களோ சந்தையில் மலிவாகக் கிடைத்தவை. இப்படி வாய்ப்பது அபூர்வம்.

ஆய்வகத்தில் ஒரு முன்மாதிரி வேலை செய்கிறது என்றால், அது எந்தச் சூழலில் வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். அறையின் வெப்பம் 25 டிகிரி. மின்சாரம் கொடுப்பது சிற்றலைகூட இல்லாத விலையுயர்ந்த மின்வழங்கி. சிப்பை ஒவ்வொரு முறையும் இயக்குவதற்கு முன் சில எண்களை உள்ளே எழுதி அளவைத் திருத்துகிறார் ஆய்வு மாணவர். எந்தக் கம்பியைத் தொட்டால் சமிக்ஞை கெடும் என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் விடுமுறையில் போனால் கருவியும் விடுமுறையில் போய்விடும்! கட்டுரையில் இது எதுவும் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. நிறுவனம் தொடங்கும் நாளில் இந்த மறைந்த உதவிகள் ஒவ்வொன்றும் ஒரு வேலைப் பட்டியலாக மாறும். வாகனத்தில் பொருத்தும் சிப் என்றால் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலிருந்து 125 டிகிரிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். அளவுத் திருத்தத்தைச் சோதனை இயந்திரம் சில நொடிகளில் முடிக்க வேண்டும். சோதிக்கும் நேரமும் விலையில் சேருகிறது. பக்கத்தில் ஒரு கைபேசி ஒலித்தாலும் அளவு மாறக் கூடாது. தானும் பிற கருவிகளைக் குழப்பக் கூடாது. இதற்கென்று மின்காந்தச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் பெரும்பாலான நாடுகளில் விற்கவே முடியாது.

ஆயுள் சோதனை என்ற ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். சிப் தொழிலில் வழக்கமாகப் பின்பற்றப்படும் ஜெடெக் தரவிதியின்படி, மூன்று வெவ்வேறு உற்பத்தித் தொகுதிகளிலிருந்து தலா 77 சிப்களை எடுத்து, 125 டிகிரி வெப்பத்தில் 1,000 மணி நேரம் இயக்குவார்கள். ஏறத்தாழ 42 நாட்கள். மொத்தம் 231 சிப்களில் ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. 77 என்பது எங்கிருந்து வந்தது என்று வியப்பாக இருக்கலாம். 230 சிப்களில் ஒன்றும் பழுதாகவில்லை என்றால்தான், பழுது விகிதம் ஒரு சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 90 சதவீத உறுதியோடு சொல்ல முடியும்; அதை மூன்றால் வகுத்து மேலே ஏற்றினால் 77. முனைவர் பட்டத்துக்காக மொத்தமே நாற்பது சிப் வாங்கிய ஆய்வுக் குழுவுக்கு இந்தக் கணக்கு முதல் அதிர்ச்சியாக இருக்கும். மூன்று தொகுதிகள் என்றால் மூன்று முறை தயாரித்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது அதிர்ச்சி.

மோசமான பாகம் நிறுவனத்தையே சாய்த்ததற்கு ஏ123 சிஸ்டம்ஸ் ஓர் உதாரணம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் யெட்-மிங் சியாங்கின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 2001இல் தொடங்கிய பேட்டரி நிறுவனம் அது. நுண்துகள்கள் தாமாகவே அணிவகுத்து பேட்டரியாக அமையும் என்பதே தொடக்கக் கருத்து. துகள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசையைக் கணக்கிட உதவும் ஹமேக்கர் மாறிலியின் குறியீட்டிலிருந்துதான் ஏ123 என்ற பெயரே வந்தது. அந்தக் கருத்து கைகூடவில்லை. நிறுவனம் இரும்பு பாஸ்பேட் மின்முனை கொண்ட லித்தியம் பேட்டரிக்கு மாறியது. பெயர் மட்டும் பழைய கனவின் தடயமாக நின்றுவிட்டது. புதிய வேதியியல் நன்றாகவே வேலை செய்தது. 2009இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்தது. 2012 மார்ச்சில் ஒரு செய்தி: தொழிற்சாலையில் ஒரு பற்றவைப்பு (வெல்டிங்) இயந்திரத்தின் அளவு சரியாகத் திருத்தப்படாததால் குறையுள்ள மின்கலங்கள் வாடிக்கையாளரின் கார்களுக்குப் போய்விட்டன. மாற்றிக் கொடுக்க ஆகும் செலவு சுமார் 5.5 கோடி டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. எதிர்பார்த்த அளவுக்கு மின்கார்கள் விற்காததால் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் திவாலானது. எத்தனை கட்டுரைகள், எத்தனை காப்புரிமைகள்! பற்றவைப்பு இயந்திரத்தைப் பற்றி அவற்றில் ஒரு வரி இருந்திருக்காது.

சிப் வடிவமைப்பு ஆய்வில் இன்னொரு பொறி இருக்கிறது. வெளியே இருப்பவர்கள் அதை அறிவதில்லை. உள்ளே இருப்பவர்களும் தாமதமாகவே உணர்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருள்கள் கல்வி உரிமத்தில் வருபவை. முழு விலையில் ஒரு சிறு பங்குக்கு, சில சமயம் அடையாளக் கட்டணத்துக்கு, கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: விற்பனைக்கான எதையும் அதில் வடிவமைக்கக் கூடாது. சிப் தயாரிக்கும் ஆலை தன் தொழில்நுட்ப விவரக் கோப்புகளை ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் பல்கலைக்கழகத்துக்குத்தான் கொடுத்திருக்கும். மாணவரின் எதிர்கால நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை. எனவே நான்கு ஆண்டுகள் உழைத்து வரைந்த சிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே போக முடியாது. கருத்தைத்தான் கொண்டுபோகலாம். வரைபடத்தை வணிக உரிமம் பெற்ற மென்பொருளில், புதிய ஒப்பந்தத்தின் கீழ், மறுபடியும் முதலிலிருந்து வரைய வேண்டும். முதலீட்டாளரிடம் "சிப் தயாராக இருக்கிறது" என்று சொன்னவர்கள் இந்த இடத்தில் விழிப்பதுண்டு. அண்மை ஆண்டுகளில் திறந்தமூல வடிவமைப்புக் கருவிகள் வளர்ந்துவருகின்றன. கூகுளும் ஸ்கைவாட்டர் ஆலையும் 2020இல் 130 நானோமீட்டர் (சிப்பின் நுண்கூறுகளின் அளவை வைத்துச் சொல்லும் தலைமுறைப் பெயர்; எண் சிறுத்தால் புதியது) தொழில்நுட்ப விவரங்களை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டன. பழைய தொழில்நுட்பம் போதுமான உணரிச் சிப்களுக்கு இது நல்ல வழி. அதிநவீன சிப்புக்கு இன்னும் வழியாகவில்லை.

செலவும் இதே இடத்தில்தான் உருமாறுகிறது. ஆய்வாளர்கள் ஒரு வேஃபரை, அதாவது சிப்கள் உருவாகும் சிலிக்கான் வட்டத்தகட்டை, பலரோடு பங்கிட்டுக்கொள்வார்கள். 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய மோசிஸ் சேவை இந்த வழக்கத்தைப் பரப்பியது. இருபது குழுக்களின் சிறு சிறு வடிவங்கள் ஒரே வேஃபரில் அச்சாகும். செலவும் இருபதாகப் பிரியும். தொழில் அளவில் தயாரிக்க வேண்டும் என்றால் வடிவத்தை வேஃபரில் பதிக்கும் அச்சுத் தகடுகளான மாஸ்க் தொகுப்பு முழுவதும் தனக்கென்றே வாங்க வேண்டும். 28 நானோமீட்டர் அளவில் அந்தத் தொகுப்பு மட்டும் பத்து லட்சம் டாலரைத் தாண்டும். வடிவத்தை அனுப்பிச் சிப் கைக்கு வர மூன்று நான்கு மாதங்கள். பிழை இருந்தால் திருத்தி மறுபடியும் அனுப்ப வேண்டும். ஆண்டில் பாதி போய்விடும். மென்பொருள் ஸ்டார்ட்அப் பிழையை மாலையில் கண்டுபிடித்து இரவே திருத்திவிடுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் முதலீட்டாளர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைச் சோம்பேறி என்றே நினைப்பார்.

மாறுபாட்டை அடக்குவதையே மூலதனமாக்கிய நிறுவனம் ஒன்றும் உண்டு. டிரான்சிஸ்டரை அதன் தொடக்க மின்னழுத்தத்துக்கு, அதாவது அது முழுமையாகத் திறக்கத் தொடங்கும் அளவுக்கு, கீழே இயக்கினால் மின்சாரம் மிகமிகக் குறைவாகச் செலவாகும். இது புதிய செய்தி இல்லை. 1970களிலேயே சுவிட்சர்லாந்தில் எரிக் விட்டோஸ் போன்றவர்கள் கைக்கடிகாரச் சிப்களுக்காக இதைப் பயன்படுத்தினார்கள். பின்னே ஏன் எல்லோரும் செய்யவில்லை? அந்தப் பகுதியில் மின்னோட்டம் அடுக்கேற்றமாக மாறும். தொடக்க மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட் விலகினாலே மின்னோட்டம் இரண்டு மடங்காகிவிடலாம். ஒரே வேஃபரில் இரு மூலைகளில் இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு இடையேகூட அந்த விலகல் வரும். வெப்பம் ஏறினால் கணக்கு மறுபடியும் மாறும். ஆய்வகத்தில் ஒரு சிப்பை இயக்கிக் காட்டலாம். பத்து லட்சம் சிப்களுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து 2010இல் பிறந்த ஆம்பிக் நிறுவனம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. முதலில் அவர்கள் விற்றது பெரிய செயலிகூட இல்லை. நேரம் காட்டும் ஒரு சிறு கடிகாரச் சிப். சிறிய சுற்றில் மாறுபாட்டை அடக்கப் பழகிவிட்டு, பிறகு சிறு கருவிகளை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குப் போனார்கள். 2025இல் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. முதல் பொருளைச் சிறியதாகத் தேர்ந்துகொள்ளும் அடக்கம் பேராசிரியர்களுக்கு எளிதில் வருவதில்லை என்பது என் கணிப்பு.

யாருக்குச் சொந்தம்?

1980க்கு முன்பு அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமைகள் பெரும்பாலும் அரசிடமே கிடந்தன. ஏறத்தாழ 28,000 காப்புரிமைகளில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவானவையே வணிக உரிமம் பெற்றிருந்தன என்ற கணக்கு அப்போது அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டது. அந்த ஆண்டு பேய்-டோல் சட்டம் வந்து, பல்கலைக்கழகங்களே உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது. பல நாடுகள் பின்னர் இதே பாதையில் நடந்தன. ஜெர்மனியில் கண்டுபிடிப்பு பேராசிரியருக்கே சொந்தம் என்று இருந்த சலுகையை 2002இல் நீக்கினார்கள். ஸ்வீடனில் அந்தச் சலுகை இன்னும் இருக்கிறது.

சட்டம் இருந்தாலும் சொல் பிசகினால் சொத்து போய்விடும். ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கு மருத்துவத் துறை சார்ந்தது. ஆனால் சிப் ஆய்வாளரும் படித்துவைத்துக்கொள்ள வேண்டியது. ஓர் ஆய்வாளர் பல்கலைக்கழகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் "உரிமையை மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்தது. பிறகு ஒரு நுட்பத்தைக் கற்க வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போனபோது, அவர்கள் நீட்டிய தாளில் "இதன்மூலம் உரிமையை மாற்றித் தருகிறேன்" என்று இருந்தது. கையெழுத்திட்டார். ஒன்று எதிர்கால வாக்குறுதி, மற்றொன்று அப்போதே நடந்த கைமாற்றம். 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேய்-டோல் சட்டம் இருப்பதாலேயே கண்டுபிடிப்பு தானாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடாது என்று தீர்ப்பளித்தது. கோடைவிடுமுறைப் பயிற்சி, விருந்தினர் ஆய்வாளர், நிறுவனம் நிதியளித்த திட்டம் என்று எலெக்ட்ரானிக்ஸ் துறையிலும் இப்படிப்பட்ட தாள்கள் நிறைய நடமாடுகின்றன. நிறுவனம் தொடங்கும்போது முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் தோண்டுவது இவற்றைத்தான்.

நாட்கணக்கும் உயிர்நாடியானது. ஐரோப்பாவில், கண்டுபிடிப்பு ஏற்கெனவே வெளியே சொல்லப்பட்டிருந்தால், சொன்னவர் கண்டுபிடித்தவரே ஆனாலும், பொதுவாகக் காப்புரிமை கிடையாது. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. மாநாட்டில் காட்டிய ஒரு படம், நூலகத்தில் வைத்த ஆய்வேடு, எல்லோருக்கும் திறந்த வாய்மொழித் தேர்வு, எல்லாமே வெளியிடல்தான். கட்டுரைக் கெடுவுக்கு முந்தைய இரவில் ஆய்வுக் குழுவே விழித்திருக்கும். காப்புரிமை விண்ணப்பம் யாருக்கும் நினைவில் இருக்காது. விண்ணப்பித்த நாளிலிருந்து காப்புரிமைக்கு ஆயுள் இருபது ஆண்டுகள். பொருள் சந்தைக்கு வரப் பத்து ஆண்டுகள் ஆனால், பாதி ஆயுள் வருமானம் பார்க்காமலேயே கழிந்துவிடும்.

தன் ஆய்விலிருந்து பிறக்கும் நிறுவனத்தில் பல்கலைக்கழகம் எவ்வளவு பங்கு கேட்கலாம் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. பிரிட்டனில் 2023இல் வெளிவந்த சுயேச்சை ஆய்வறிக்கை, உயிரியல் துறை நிறுவனங்களில் 10 முதல் 25 சதவீதம், காப்புரிமை போன்ற அறிவுச்சொத்தை அவ்வளவாகச் சாராத துறைகளில் 10 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ போதும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன் சில இடங்களில் பாதிப் பங்குவரை கேட்டதுண்டு. கேட்பவர்களின் நியாயம் புரியாமல் இல்லை. கட்டடம், கருவி, சம்பளம் எல்லாம் அவர்களுடையவை. ஆனால் இனி பத்து ஆண்டுகள் மோசமான சிப்போடு மல்லுக்கட்டப்போகிறவர்களிடம் தொடக்கத்திலேயே பாதியைப் பிடுங்கிக்கொண்டால், அடுத்தடுத்த முதலீட்டுச் சுற்றுகளுக்குப் பிறகு அவர்கள் கையில் உழைக்கத் தூண்டும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது.

எல்லாவற்றையும் பூட்டித்தான் தொழில் செய்ய வேண்டும் என்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1970களில் உருவான ஸ்பைஸ் என்ற சுற்று உருவகப்படுத்தும் மென்பொருளைப் பல்கலைக்கழகம் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது. அதன் மேல் பல நிறுவனங்கள் எழுந்தன. அதே பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியும் (செயலி புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளின் பட்டியல்) எல்லோருக்கும் திறந்தது. அதை உருவாக்கியவர்கள் 2015இல் சைஃபைவ் நிறுவனத்தைத் தொடங்கி விற்பது, அந்தக் கட்டளைகளை இயக்கும், சோதித்துச் சரிபார்த்த வடிவங்களை. கருத்து இலவசம், உத்தரவாதத்துக்குத்தான் விலை.

நிறுவனமே தேவையா?

தேவையில்லாத நேரமும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் அதிர்வெண் பண்பேற்றத்தால், அதாவது ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் மாற்றி, இசைக்கருவி ஒலிகளை உண்டாக்கும் முறையைக் கண்டார். அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. யமஹா உரிமம் பெற்றது. 1983இல் வந்த டிஎக்ஸ்7 கருவி இசையுலகையே பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் உரிமத்தொகை கிடைத்தது. இங்கே யமஹாவிடம் சிப் வடிவமைப்பாளர்களும் விற்பனை வலையும் ஏற்கெனவே இருந்தன. உரிமம் பெற்ற பிறகும் அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின என்பதை மறக்கக் கூடாது. ஒரு சிறு நிறுவனம் அந்த ஆண்டுகளைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மறுபுறம் ஜான் ஹென்னசியின் அனுபவம். 1981 முதல் அவர் ஸ்டான்ஃபோர்டில் எளிமையான, வேகமான செயலி ஒன்றை மாணவர்களோடு உருவாக்கினார். கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தொழில்துறை தானே எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தார். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தக் கட்டளைத் தொகுதிகளும் அவற்றில் எழுதிய மென்பொருள்களும் இருந்தன. அவற்றைக் கைவிடச் சொல்லும் கருத்தை யார் வரவேற்பார்கள்? 1984இல் ஹென்னசி வேறு இருவரோடு சேர்ந்து மிப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓராண்டு விடுப்பு எடுத்தார், பிறகு வகுப்பறைக்கே திரும்பினார். பிற்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரே ஆனார்.

ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தின் பொருளை மேம்படுத்தும் கருத்து என்றால் உரிமம். அதன் பொருளைச் செல்லாக்காசாக்கும் கருத்து என்றால் புதிய நிறுவனம். இது கறாரான விதி இல்லை. தெரசா மெங் 1998இல் தொடங்கிய ஏதெரோஸ் இரண்டாவது வகை. வானொலி அதிர்வெண் சுற்றுகளுக்குக் கணினிச் சிப்கள் செய்யும் சாதாரண சிமாஸ் தொழில்நுட்பம் ஒத்துவராது, தனிப்பட்ட விலையுயர்ந்த செயல்முறைகள் வேண்டும் என்று அனுபவசாலிகள் நம்பியிருந்த காலம். அந்தச் செயல்முறைகளில் முதலீடு செய்தவர்களிடம் போய் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பயனில்லை. மலிவான சிமாஸில் கம்பியில்லா வலையமைப்புச் சிப்பைச் செய்துகாட்டிய ஏதெரோஸை 2011இல் குவால்காம் சுமார் 310 கோடி டாலருக்கு வாங்கியது.

எதை விற்பது என்பதும் ஆய்விலிருந்து தானாக வராது. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1989இல் ஒரு பிளாஸ்டிக் படலம் மின்சாரம் பாய்ந்ததும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது. அதைக் கண்ட குழு 1992இல் கேம்பிரிட்ஜ் டிஸ்பிளே டெக்னாலஜியைத் தொடங்கியது. ஒளிரும் பிளாஸ்டிக்கை மைபோல அச்சிட்டுத் திரை செய்யலாம் என்பது கனவு. பச்சை நன்றாக இருந்தது. வண்ணத் திரைக்கோ மூன்று நிறமும் ஒன்றாக மூப்படைய வேண்டும். நீலம் முந்திக்கொண்டு மங்கியது. மூன்றில் மோசமானதே திரையின் ஆயுளைத் தீர்மானித்தது. 2002இல் இந்த வகைத் திரை ஃபிலிப்ஸின் ஒரு சவரக் கருவியில் சிறு குறிகாட்டியாக வந்தது. அதற்குள், கோடாக் நிறுவனத்தில் 1987இல் வெளியான, சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் படியவைக்கும் போட்டி முறை கைபேசித் திரைகளுக்கான பாதையில் முந்திப்போயிருந்தது. 2007இல் சுமிட்டோமோ கெமிக்கல் சுமார் 28.5 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

ஈ இங்க் நிறுவனத்துக்கும் குறைகள் இருந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சனும் இளநிலை மாணவர்கள் இருவரும் செய்த ஆய்விலிருந்து 1997இல் அது பிறந்தது. நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக மிதக்கும் துகள்கள். மின்புலத்தின் திசைக்கேற்ப ஒன்று மேலே வரும். அன்று அதில் நிறம் கிடையாது, படம் மாற நேரமாகும், காணொளிக்கு லாயக்கில்லை. முதல் பொருள் 1999இல் பல்பொருள் அங்காடிகளுக்கான அறிவிப்புப் பலகை. அது பெரிதாக எடுபடவில்லை. 2004இல் சோனியின் மின்னூல் கருவியிலும் 2007இல் அமேசானின் கிண்டிலிலும் இடம்பிடித்த பிறகுதான் நிலைமை மாறியது. வாசகர் ஒரு பக்கத்தை நிமிடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். மெதுவாக மாறுவது அவரை உறுத்தாது. வெயிலில் தெளிவாகத் தெரிவதும், படம் நிற்க மின்சாரமே தேவைப்படாததும் அவருக்குப் பெரிய வரம். தொழில்நுட்பத்தின் மோசமான நிரல் எந்தப் பயனருக்கு மோசமாகவே தெரியாதோ, அந்தப் பயனரை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஐ-கோர் பயிற்சி இந்தத் தேடலைத்தான் கட்டாயமாக்குகிறது. ஆய்வுக் குழு ஏழு வாரங்களில், வாங்கக்கூடிய நூறு பேரிடமாவது நேரில் பேச வேண்டும். தன் கருவியைப் பற்றிப் பேசுவதற்காக இல்லை, அவர்களின் தொல்லைகளைக் கேட்பதற்காக. கேட்பது பேராசிரியருக்குக் கடினமான வேலை. "எங்கள் சென்சார் பத்து மடங்கு நுட்பமானது" என்று போனால், "நுட்பம் இப்போதிருப்பதே போதும், ஈரம் பட்டால் கெட்டுப்போவதுதான் தொல்லை" என்ற பதில் கிடைக்கும். ஆய்வேட்டின் ஐந்து ஆண்டுகள் நுட்பத்துக்குப் போயிருக்கும். ஈரத்துக்கு ஒரு நாள்கூடப் போயிருக்காது.

யார் வேலையைவிட்டு வெளியே வருகிறார் என்பதும் பெரிய கேள்வி. வழக்கமாகப் பேராசிரியர் ஆலோசகராக இருப்பார், பட்டம் முடித்த மாணவர் முழுநேரமாக நடத்துவார். நியாயமான ஏற்பாடுதான், இருவருடைய எல்லையும் எழுத்தில் இருக்கும்வரை. பேராசிரியரின் நிறுவனத்துக்குப் பயன்படும் முடிவு என்பதற்காக மாணவரின் கட்டுரை நிறுத்திவைக்கப்பட்டால், அல்லது ஆய்வகக் கருவி இரவில் நிறுவனத்துக்காக ஓடினால், பல்கலைக்கழகத்தின் நலமுரண் விதிகள் தலையிடும். பங்குப் பிரிப்பிலும் ஒரு பழைய வழக்கம் குறுக்கே நிற்கும்: கட்டுரையில் பெயர் வரிசை எப்படியோ அப்படியே பங்கும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். கட்டுரை நடந்த வேலைக்கு, பங்கு நடக்கப்போகும் வேலைக்கு. ஆய்வுக்கு உயிர்கொடுத்து, ஆனால் வேறு வேலைக்குப் போய்விட்டவருக்குச் சிறு பங்கும், அடுத்த எட்டு ஆண்டுகள் ஆலையின் வாசலில் நிற்கப்போகிறவருக்குப் பெரும்பங்கும் என்று பிரித்து, அதுவும் ஆண்டுக்காண்டு தவணையாகவே கைக்கு வரும்படி செய்வது இன்று பரவலான முறை. சோதனை, உற்பத்தி, தரக்கட்டுப்பாடு தெரிந்த ஒருவரை முதல் ஐந்து பேரில் சேர்ப்பதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஐந்தாவது முனைவரைவிட அவர் அந்த வரிசையில் முந்தி வர வேண்டியவர்.

காலக்கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. துணிகர முதலீட்டு நிதிகளுக்கு வழக்கமாகப் பத்தாண்டு ஆயுள். அதற்குள் போட்ட பணத்தைத் திருப்ப வேண்டும். ஏதெரோஸ் தொடங்கியதிலிருந்து பங்குச் சந்தைக்கு வர ஆறு ஆண்டுகள் ஆயின, கைமாறப் பதின்மூன்று. ஈ இங்கை 2009இல் தைவானின் பிரைம் வியூ 21.5 கோடி டாலருக்கு வாங்கியபோது அதற்கு வயது பன்னிரண்டு. ஆம்பிக்குக்குப் பதினைந்து ஆண்டுகள். ஒரே நிதியின் ஆயுளுக்குள் இவை அடங்குவதில்லை. அதனால்தான் தொடக்க ஆண்டுகளை அரசு மானியம் தாங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1982இல் சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கென்று தொடங்கிய எஸ்பிஐஆர் திட்டம் பங்கு எதுவும் கேட்காமல் பணம் தந்துவந்திருக்கிறது. அந்தப் பணத்தில் இன்னொரு சிறந்த சிப்பைச் செய்து இன்னொரு கட்டுரை எழுதும் ஆசை எழும். முதல் 231 சிப்களைச் சூளையில் வைத்து 42 நாட்கள் காத்திருப்பவர்களிடம்தான், வாங்க வருபவர் டேட்டாஷீட்டைக் கேட்பார்.